எழுபத்து நான்காம் ஆண்டுப் போத்தல்

பழைய ஜெர்மன் வைன் என்றால் எனக்குத் தலைகால் புரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நிதானமான ஆள் என்று நம்பி ஏமாறக்கூடாது. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் நகர நடுவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். ஒரு நாள் மேசையிலிருந்து திரும்பிவந்த போத்தலின் அடியில் இரண்டு வாய் மிச்சம் இருந்தது. வைன் பரிமாறுகிறவர் அதை என்னிடம் நீட்டி, "குடித்துப் பார், இதற்கும் உன் வயதுதான் இருக்கும்" என்றார். முதலில் தேன், பிறகு எலுமிச்சந்தோல், எல்லாவற்றுக்கும் மேலே மண்ணெண்ணெய் வாசம். ரீஸ்லிங் என்ற திராட்சையில் செய்த வைன் கிழடாகும்போது அப்படித்தான் மணக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. சவர்க்கார நுரைக்குள் இரண்டு கைகளையும் விட்டபடி நின்று சிரித்தேன். இன்றுவரை அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

இப்போது எனக்கு ஸ்காபரோவில் சொந்த வீடு இருக்கிறது. முன்படிகளுக்குக் கீழே, பேஸ்மென்றோடு ஒட்டியபடி ஒரு கோல்ட் ரூம். எங்கள் ஆட்களின் வீடுகளில் அதற்குள் அரிசி மூட்டையும் வெங்காயமும் ஊறுகாயும் இருக்கும். எங்கள் வீட்டில் அவற்றோடு சேர்ந்து அறுபது ஜெர்மன் போத்தல்கள் படுத்திருக்கின்றன. அங்கே நான் வெப்பமானி மாட்டினேன். ஈரப்பதமானி மாட்டினேன். கருவாட்டுப் பெட்டியை வெளியேற்றிக் கராஜுக்கு அனுப்பினேன். அன்றைக்கு மனைவி என்னோடு சண்டை பிடித்தாள். ஒரு கிளாஸை மோந்து பார்த்துவிட்டு, "இந்த லாம்பெண்ணெய்க்கு இவ்வளவு உபசாரமோ? கருவாடு என்ன பாவம் செய்தது?" என்று கேட்டாள். அது ஒரு பாவமும் செய்யவில்லைதான். ஆனால் கருவாடு திரும்பி வரவில்லை.

அவளுக்கு ஐம்பது வயது வரப்போகிறது என்று ஒட்டாவாவில் படிக்கும் மகள் ஆறு மாதத்துக்கு முன்பே மண்டபம் புக் பண்ணிவிட்டாள். என் பங்குக்கு நான் ஒன்றை மனதுக்குள் தீர்மானித்திருந்தேன். மனைவி பிறந்த ஆண்டு வைன் ஒரு போத்தல் வாங்கவேண்டும். அவள் எழுபத்தாறு. அந்த வருடம் ஜெர்மனியில் கோடை எரித்துத் தள்ளியது. திராட்சை பழுத்துத் தேனாகிப்போனது. அதனால் எழுபத்தாறு ஏலத்துக்கு வந்தால் உலகமே கை தூக்கும். இரண்டு வருடங்களாக மூன்று முறை கேட்டு மூன்று முறையும் தோற்றேன். மூன்றாவது முறை தோற்றபோது இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்ல முடியாது, ஏனென்றால் இது ரகசியம். வாய்வு என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் இஞ்சித் தண்ணி வைத்துத் தந்தாள்.

நான்காவது ஏலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், இணையத்தில். அன்றைக்கென்று பார்த்து மனைவிக்கு அஜின்கோர்ட் தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கவேண்டும். அவளைக் கடைக்குள் அனுப்பிவிட்டு நான் கார்த் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தேன். என் போத்தல் வந்ததும் சீட்டில் நிமிர்ந்து இருந்தேன். முகம் தெரியாத ஒருவன் ஏற்றுகிறான். நான் ஏற்றுகிறேன். அவன் ஏற்றுகிறான். ஒவ்வொரு தடவையும் என் கால் என்னை அறியாமல் பிரேக்கை மிதித்திருக்கிறது. பின்னால் சிவப்பு விளக்கு எரிய, நான் காரை எடுக்கப்போகிறேன் என்று நினைத்து ஒருவர் சிக்னல் போட்டுவிட்டு அந்த இடத்துக்காகக் காத்து நின்றிருக்கிறார். அவருக்குப் பின்னால் ஐந்து கார்கள். கடைசியில் அவர் இறங்கிவந்து கண்ணாடியில் தட்டினார்.

"தம்பி, போறியளோ இல்லையோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

"ஒரு நிமிசம் அண்ணை, ஒரே ஒரு நிமிசம்!" என்று கத்தினேன். அந்த ஒரு நிமிடத்துக்குள் போத்தல் எனக்கு விழுந்தது. நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்து அந்த மனிதரைக் கட்டிப்பிடித்தேன். அவர் நல்லவர், என் முதுகில் தட்டிவிட்டுத் தன் காருக்குத் திரும்பிப் போனார். இரண்டு பைகளோடு வந்துகொண்டிருந்த மனைவி இதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன, லொத்தர் விழுந்திட்டுதோ?"

ரகசியம் எல்லாம் எங்கே நிற்கும்! "உம்மட வருசம்! எழுபத்தாறு! உம்மட ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நீர் பிறந்த வருசத்து வைன் எடுத்திட்டன்!" என்று கார்த் தரிப்பிடம் முழுவதும் கேட்கச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. காருக்குள் ஏறி, பைகளை மடியில் வைத்துக்கொண்டு, பெல்ட்டையும் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் ஏறி இருந்தேன்.

"நான் எழுபத்தாறு இல்லை" என்றாள் பிறகு. "எழுபத்தி நாலு."

இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்த மனிசி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள். "இடம்பெயர்ந்து திரிஞ்சதில ரெண்டு வருசம் நான் பள்ளிக்கூடம் போகேல்லை. பிறப்புச் சேட்டிபிக்கற்றும் துலைஞ்சு போச்சுது. புதுசு எடுக்கேக்க அம்மா சொன்னா, கனடாவில வயசுக்குத்தான் வகுப்புக் குடுப்பாங்கள், பிள்ளை தடுமாறும், படிக்காத ரெண்டு வருசத்தையும் கழிச்சு எழுதுவம் எண்டு. பிறகு கலியாணம் பேசேக்க சாதகத்தையும் அதுக்கேத்த மாதிரி எழுதுவிச்சவ."

படிக்காத இரண்டு வருடத்தைக் கழிப்பது! மாமியின் கணக்கு எனக்குப் பிடித்துக்கொண்டது. அப்புறம்தான் மற்றது உறைத்தது. எங்கள் சாதகங்களைப் பார்த்த சாத்திரியார், பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று சொல்ல, என் அப்பா அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர். பிறக்காத ஒரு பெட்டையோடு எனக்கு எட்டுப் பொருத்தம்! நான் எழுபத்தைந்து. கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

"அப்ப நீர் என்னைவிட எட்டு மாசம் மூப்பு!"

"ஓம்."

"அக்கா!" என்றேன்.

பையிலிருந்த முருங்கைக்காயால் ஒரு அடி விழுந்தது. இரண்டாவது அடிக்கு அவளே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். நானும் சிரித்தேன். கார் குலுங்கியது. வயிறு நொந்து, கண்ணால் தண்ணீர் வந்து, இருவரும் ஓய்ந்தபோது அவளுடைய கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

"அம்மா உயிரோட இருக்குமட்டும் ஒவ்வொரு பிறந்தநாளும் விடிய ஃபோன் எடுத்து, மெதுவாச் சரியான வயசைச் சொல்லுவா. அவ போய் நாலு வருசம். இப்ப ஒருத்தரும் சொல்லுறேல்லை. போன மாசம் டொக்டர் வயசு கேக்க எனக்கே ஒருக்கால் யோசிக்கவேண்டி வந்திட்டுது."

 இந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயது இரண்டு வருடங்களுக்கு முன்பே வந்து, ஒரு மெழுகுதிரிகூட இல்லாமல் போயிருக்கிறது. அன்றைக்கு நான் நாற்பத்தெட்டு என்று போட்ட கேக்கை அவளுக்கு ஊட்டிவிட்டிருக்கிறேன். அந்த இடத்திலேயே தீர்மானித்தேன். மண்டபம் இருக்கட்டும், மகள் ஆசைப்பட்ட ஐம்பது நடக்கட்டும். ஆனால் பிறந்தநாளுக்குள் எழுபத்து நான்கு ஒன்று என் கைக்கு வந்தாகவேண்டும். இரண்டு மாதம் இருந்தது.

எழுபத்து நான்கில் ஜெர்மனியில் என்ன நடந்தது என்று எனக்கு மனப்பாடம். மழை. அறுவடைக் காலம் முழுக்க மழை. திராட்சை பழுக்கவில்லை. புளித்த வைனை வந்த வேகத்தில் குடித்துத் தீர்த்தார்கள், யாரும் எடுத்து வைக்கவில்லை. நல்ல வருடத்தைத் தேடுகிறவனுக்குப் போட்டி உண்டு, பொருளும் உண்டு. கெட்ட வருடத்தைத் தேடுகிறவனுக்குப் போட்டியும் இல்லை, பொருளும் இல்லை. ஏல நிறுவனத்தில் வைன் பகுதியைப் பார்க்கும் பெண்மணியைத் தொலைபேசியில் கேட்டேன். எழுபத்து நான்கை விற்கத் தெரியாமல் திண்டாடியவர்களைத் தெரியும், தேடி வந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றார். பிரான்சுக்கு எழுதினேன். ஜெர்மனிக்கு எழுதினேன். ஒரு மாதம் போனது. எழுபத்தாறு மட்டும் கோல்ட் ரூமில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் படுத்திருந்தது; அதற்கு நாங்கள் பாஸ்போட் போத்தல் என்று பெயர் வைத்துவிட்டோம்.

பிறகு அந்தப் பெண்மணியே கூப்பிட்டார். இங்கே குடியேறி வாழ்ந்து முடித்த ஒரு ஜெர்மன்காரரின் நிலவறையை ஒழித்தபோது நல்லதெல்லாம் தனித்தனியாகப் போக, கடைசியில் ஒரு பெட்டி மிஞ்சியதாம். பலதும் கலந்த பன்னிரண்டு போத்தல், தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. அதில் ஒன்று எழுபத்து நான்கு. நான் ஃபோனை வைத்துவிட்டு சமையலறையைச் சுற்றி மூன்று தரம் ஓடினேன்.

ஒரு சனிக்கிழமை காலை, முதல் தடவையாக மனைவியும் என்னோடு ஏலத்துக்கு வந்தாள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரிச் சேலை உடுத்தியிருந்தாள். போத்தல்களை முன்கூட்டியே பார்க்கலாம். நான் சின்ன டோர்ச்சை அடித்து, வைன் எவ்வளவு வற்றியிருக்கிறது, தக்கை கசிந்திருக்கிறதா என்று மருத்துவர் போலப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே மூன்று விரல் இறங்கியிருந்தது. இந்த வயதுக்கு அது மோசமில்லை. அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை. பூஞ்சணம் பிடித்த லேபலில் இருந்த நான்கு இலக்கங்களின் மேல் விரலை வைத்து, "தொடலாமோ?" என்று தொட்டபிறகு கேட்டாள்.

ஏலத்தில் எண் அட்டையைத் தூக்கிக் கேட்கவேண்டும். எங்கள் பெட்டி கடைசி. அட்டையை நான் எடுக்குமுன் அவள் எடுத்துக்கொண்டாள். ஏலம் விடுபவர் தொகையைச் சொல்ல முதலே அட்டை மேலே போய்விட்டது. அவர் தொகையைச் சொன்னார், அவளைக் காட்டினார், வேறு யாராவது உண்டா என்று கேட்டார். ஒருவரும் அசையவில்லை. அந்த அமைதி அவளைப் பயமுறுத்திவிட்டது போல. போத்தல் போய்விடும் என்று நினைத்து, மறுபடியும் அட்டையைத் தூக்கினாள்.

"அம்மா, நீங்கள் கேட்ட விலைதான் நிற்கிறது" என்றார் அவர்.

அவள் இன்னும் உயரத் தூக்கினாள்.

"உங்களோடு நீங்களே போட்டி போடுகிறீர்கள்" என்றார். மண்டபம் முழுவதும் சிரித்தது. கேலியாக இல்லை, ஆசையாக. நான் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கப் பார்த்தேன், முடியவில்லை. சுத்தியல் தட்டிய பிறகும் அட்டை மேலேதான் நின்றது. எனக்கு இருபத்தைந்து வருடத்தில் அவள்மேல் இவ்வளவு காதல் வந்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

பிறந்தநாள் அன்று விடிய, அவள் கண் திறக்குமுன் காதுக்குள் "ஐம்பத்திரண்டு" என்றேன்.

"மெதுவா. ஆருக்கும் கேட்டிடும்" என்றாள். வீட்டில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. மகள் மண்டபக் கொண்டாட்டத்துக்கு வார இறுதியில்தான் வருவாள்.

மத்தியானம் போத்தலைத் திறந்தேன். தக்கை கையிலேயே தூளாகிவிட்டது. தேயிலை வடியால் வடித்து இரண்டு கிளாஸில் ஊற்றினேன். நிறம் வெளிறிய பொன். நான் மோந்து, சுழற்றி, என் சடங்கெல்லாம் செய்து முடிப்பதற்குள் அவள் குடித்துவிட்டாள்.

"புளிக்குது" என்றாள். இன்னொரு வாய் குடித்தாள். "ஆனாப் பிழையில்லை. இன்னும் கொஞ்சம் விடுங்கோ."

புளிப்புத்தான். ஒல்லியான, முரட்டுப் புளிப்பு. ஐம்பது வருடம் கடந்தும் கொஞ்சமும் தணியவில்லை. நான் ஏலங்களில் வாங்கிய பெரிய பெரிய வருடங்கள் எல்லாம் எனக்கு அன்று மறந்துபோயின. இறால் பொரியலோடு ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தோம். அவள் பாட்டுக்கூடப் பாடினாள்.

அடுத்த நாள் நான் எழும்பிப்போனபோது, வெறும் போத்தல் சமையலறைத் தொட்டியில் சுடுதண்ணீருக்குள் நின்றது. அவள் லேபலை நகத்தால் மெல்லக் கிளப்பி, கிழியாமல் எடுத்து, துவாயில் ஒற்றி, ஜன்னலோரம் காயவைத்தாள். காய்ந்ததும் அலுமாரியிலிருந்து எங்கள் பாஸ்போட்டுகளும் குடியுரிமைக் கடதாசிகளும் இருக்கிற ஃபைலை எடுத்து, தன்னுடைய பிறப்புச் சான்றிதழ் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் அதற்கு முன்னால் லேபலைச் செருகினாள்.

"உந்த லேபலை ஏன் அதுக்குள்ள வைக்கிறீர்?" என்று கேட்டேன்.

"சரியான வருசம் போட்ட கடதாசி என்னட்ட இது ஒண்டுதானே" என்று சொல்லி, ஃபைலை மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள்.