முறைத்தண்ணியில் பறந்த அன்னம்

கீழப்பழுவூரில் பிறந்து சினிமா டைரக்டர் ஆனவன் நான் ஒருவன்தான். இதை நானே சொல்லிக்கொண்டால்தான் பெருமை. ஊரில் வேறு யாரையாவது கேட்டால், "வேணுகோபாலா? மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொன்னா மாட்டுக்கிட்ட பேசிக்கிட்டு நிப்பானே, அவனா?" என்பார்கள்.

என் முதல் படம் 'அமிர்தகேசி'. 1941இல் கோயமுத்தூரில் எடுத்தது. இருபதாயிரம் அடி நீளம், இருபத்தெட்டுப் பாட்டு. சாபம் பிடித்த ஒரு ராஜகுமாரி, அவளுக்காகத் தூது போகும் ஒரு பொன் அன்னம், அவ்வளவுதான் கதை. அந்த அன்னத்தை மூங்கில் பிளாச்சிலும் பஞ்சிலும் செய்து, மஞ்சள் பூசி, மேலே கம்பி கட்டி இழுத்தோம். கம்பி படத்தில் நன்றாகவே தெரிந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அன்னத்துக்குப் பேச வேண்டியவருக்கு அன்று தொண்டை கட்டிக்கொண்டது. வேறு ஆள் அகப்படாமல் நானே மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பேசினேன். "கலங்காதே கண்மணி, கடல் தாண்டிப் போகிறேன்" என்று அன்னம் சொன்னதும் கொட்டகைகளில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

படம் ஓடோ ஓடென்று ஓடியது. நான் பெரிய மனிதன் ஆனேன். ஆனால் எப்படிப்பட்ட பெரிய மனிதன் என்பதில்தான் சங்கடம். அரியலூர் ஸ்டேஷனில் டிக்கெட் கேட்டு வாய் திறந்தால் போதும், பின்னால் நிற்பவர், "யோவ், அன்னம்யா! அன்னம் பேசுதுய்யா!" என்று கூவுவார். டிக்கெட் கொடுப்பவர், "ஒரு தடவ கலங்காதேன்னு சொல்லுங்க சார்" என்பார். சொன்னால்தான் டிக்கெட் வரும்.

வாலிகண்டபுரத்திலிருந்து உத்திராபதி என்று ஒரு ரசிகர் மாதம் தவறாமல் எனக்குக் கார்டு எழுதுவார். 'அமிர்தகேசி'யைப் பதினேழு தடவை பார்த்தவர். அவருடைய கார்டில் எப்போதும் ஒரே கேள்விதான்: "அடுத்த படத்தில் அன்னம் எத்தனை?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்னத்தை வைத்து என்னை எடைபோடுகிறார்களே, நான் யார் என்று காட்டுகிறேன் பார் என்று கிளம்பினேன். அப்படி எடுத்ததுதான் 'முறைத்தண்ணி'. எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் ஏரித் தண்ணீர் முறைக்காகப் பதினோரு வருஷம் பேசாமல் இருந்தார்கள். அதுதான் கதை. யுத்த காலம். ஃபிலிமுக்குப் பஞ்சம். எந்தப் படமும் பதினோராயிரம் அடிக்கு மேல் போகக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு. நாலே பாட்டு. அன்னம் கிடையாது, ராஜா கிடையாது. வேட்டியை மடித்துக் கட்டிய அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரு மடை. "உள்ளதை உள்ளபடி காட்டும் முதல் தமிழ்ப் படம்" என்று நோட்டீஸில் போடச் சொன்னேன். அந்த வாசகத்தை எழுதியதும் நான்தான்.

1945 தையில் படம் வந்தது. திருச்சியில் இரண்டே வாரத்தில் போயிற்று. ஒரு பத்திரிகை, "டைரக்டர் தூங்கிவிட்டார், நாமும் தூங்கினோம்" என்று எழுதியது. இன்னொன்று தலைப்பிலேயே, "அன்னம் எங்கே?" என்று கேட்டது. இரண்டையும் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மனப்பாடமான பிறகும் தினம் எடுத்துப் படித்தேன்.

உடம்பு சரியில்லை என்று சொல்லி அரியலூரில் அக்கா கமலவேணி வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். அக்கா எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். மூன்று நாள் ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் நாள் நானே கேட்டுத் தொலைத்தேன்.

"படம் எப்புடிக்கா இருந்துச்சு?"

"நல்லாத்தான்டா இருந்துச்சு. ஆனா அப்பாவ எதுக்கு அவ்வளவு அழுமூஞ்சியா காட்டியிருக்க? சித்தப்பாகூட பேசாம இருந்தாரே தவிர, வூட்டுல சிரிச்சுக்கிட்டுத்தானே இருந்தாரு."

"அது கலைக்கா."

"இருக்கட்டும். கஞ்சிய குடி, ஆறுது."

எல்லாரும் என்னைக் குற்றம் சொல்லவே பிறந்தவர்கள் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு வயது முப்பத்தாறு.

அந்த வாரக் கடைசியில் கண்ணையன் வந்தார். பெரம்பலூரில் டூரிங் கொட்டகை நடத்துபவர். 'அமிர்தகேசி'யை ஒன்பது வாரம் ஓட்டியவர்.

"டைரக்டர் சார், நம்ம கொட்டகையில முறைத்தண்ணி பிச்சிக்கிட்டுப் போவுது. மூணாவது வாரம். நீங்க ஒரு நாள் வந்து ஜனங்களுக்கு முகத்தக் காட்டணும்."

"மூணாவது வாரமா? பெரம்பலூர்லயா?"

"அடிதடி சார். பெண்டுக பக்கம் மணல்ல உக்கார எடமில்ல."

நான் படுக்கையை விட்டு எழுந்தேன். உடம்பு அந்த நிமிஷமே சரியாகிவிட்டது. போகும் வழியெல்லாம் மனத்துக்குள் ஒரு பிரசங்கம் தயார் செய்தேன். பட்டணத்துப் படிப்பாளிகள் புரிந்துகொள்ளாத படத்தைப் பாமர மக்கள் புரிந்துகொண்டார்கள் என்பது அதன் சாரம். கடைசி வாக்கியத்தில் எனக்கே கண் கலங்கியது.

பெரம்பலூர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. முதல் ஆட்டம். கண்ணையன் சொன்னது பொய்யில்லை, கொட்டகை நிரம்பியிருந்தது. படம் ஆரம்பித்த பிறகு, யாருக்கும் தெரியாமல் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முதல் அரை மணி ஜனங்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் மணலில் கை ஊன்றி மல்லாந்து கொட்டாவி விட்டார். அது போகட்டும். தம்பி காய்ந்த வயலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்க்கும் இடம் வந்தது. நான் மிகவும் பாடுபட்டு எடுத்த இடம் அது. வெறும் வானம், ஒரு மேகம் கிடையாது, பத்து எண்ணும் வரை சத்தமே கிடையாது. சட்டென்று கொட்டகை முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. விசில் பறந்தது. மெய்மறந்து நானும் நிமிர்ந்தேன்.

தம்பி அண்ணாந்து பார்த்த வானத்தில் பொன் அன்னம் பறந்து வந்தது. கம்பியோடுதான்.

"கலங்காதே கண்மணி!" என்றது என் குரல், திரையிலிருந்து.

கண்ணையன் வெட்டி ஒட்டியிருக்கிறார்! 'அமிர்தகேசி' பிரிண்டைத் திருப்பி அனுப்பும்போது ஒரு துண்டு கிழிந்துவிட்டது என்று முன்பு கடிதம் எழுதியிருந்தார். அந்தத் துண்டுதான் என் வானத்தில் இப்போது பறந்துகொண்டிருந்தது. அன்னத்தின் பாட்டு முழுசாக ஓடியது. ராஜகுமாரி நந்தவனத்தில் ஆடினாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மறுபடியும் தம்பி, காய்ந்த வயல்.

நான் பெஞ்சில் ஏறி நின்று, "நிறுத்துங்க! இது என் படமில்ல! நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

கத்தியிருக்கக் கூடாது. ஆத்திரத்தில் என் குரல் மூக்கால் வந்தது. கொட்டகையே திரும்பியது.

"ஏய், அன்னம்டா!" என்றார் கொட்டாவி விட்டவர்.

அதற்குப் பிறகு நடந்ததை விவரமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. என்னைத் தோளில் தூக்கினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து, "பேசச் சொல்லு, பேசச் சொல்லு" என்று குரல். பாமர மக்களைப் பற்றிய என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். முதல் வாக்கியம் முடியுமுன், "அது வேணாம் சார், கலங்காதே சொல்லுங்க" என்றார்கள். ஆள் உயரத்தில் தொங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் கொள்கை பேச முடியும்? சொன்னேன். மூக்கைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

காலையில் அரியலூர் திரும்பக் கரி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பெட்ரோல் கிடைக்காத காலம் அது. பின்னால் கட்டிய உலையில் கரியைப் போட்டு, டிரைவர் ஊதி ஊதிப் புகை வரவைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாறு பெண்கள் மம்பட்டியும் கையுமாக வேலைக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்து நின்றார்கள். அன்னத்தின் வசனத்தைக் கேட்கப் போகிறார்கள் என்று மூக்குக்குக் கையைக் கொண்டுபோனேன்.

அவர்களில் மூத்தவள் கேட்டாள். அவள் பெயர் குஞ்சம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். "சாமி, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளு."

"அந்த அன்னம் நல்லாத்தான் இருக்குதுங்க, அது கெடக்கட்டும். தம்பிக்காரன் மடைய வெட்டுறாரே, அந்த வெட்டுன மண்ண எங்க போட்டாரு?"

எனக்கு விளங்கவில்லை. "எங்கியோ போட்டான். ஏன்?"

"கரை மேல வீசிட்டாருங்க. அந்த மண்ணப் போட்டு வாய்க்கால அடைச்சாத்தானே தண்ணி வயலுக்குத் திரும்பும்? அடைக்காம விட்டா அது பாட்டுக்கு நேரா ஓடிப்போவும். அண்ணங்காரன் எதுக்கு அருவாள எடுத்துக்கிட்டு ஓடியாராரு? ஒரு சொட்டுத் தண்ணிகூட திருடு போவலியே!"

மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "மம்பட்டியத் தலைக்கு மேல தூக்குறாரு, கல்லு ஒடைக்கிறாப்புல" என்றாள் ஒருத்தி.

ஸ்டூடியோவில் அன்று வாய்க்காலே கிடையாது. மறைவில் நாலு பேர் பீப்பாயிலிருந்து தண்ணீரை ஊற்றினார்கள். அது எங்கே ஊற்றினார்களோ அங்கே ஓடியது. எங்களுக்கு முப்பது ஏக்கர் நிலம் இருந்தது உண்மை. நான் மடை வெட்டியதில்லை. மடை வெட்டுபவரைக் கரையில் நின்றுகூடச் சரியாகப் பார்த்ததில்லை போலிருக்கிறது. உள்ளதை உள்ளபடி காட்டும் முதல் தமிழ்ப் படம்!

"எப்புடித்தான் வெட்டணும்?" என்றேன், சற்றுக் கோபமாகவே.

குஞ்சம்மாள் ரோட்டோரத்து வாய்க்காலில் இறங்கினாள். குனிந்தாள். மூன்றே வெட்டு. அந்த மண்ணை அப்படியே எதிர்ப்பக்கம் வைத்துக் காலால் மிதித்தாள். தண்ணீர் ஒருமுறை தயங்கிவிட்டுத் திரும்பியது. மறுபடி அடைத்துவிட்டு மம்பட்டியை என்னிடம் நீட்டினாள். "நீங்க வெட்டிப் பாருங்க சாமி."

வெட்டினேன். இரண்டாவது வெட்டில் பாலிஷ் போட்ட என் ஷூவுக்குள் தண்ணீர் போயிற்று. மூன்றாவதில் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தேன். பஸ் டிரைவர் ஊதுவதை விட்டுவிட்டுச் சிரித்தார். என் இரண்டு படங்களிலும் சேர்த்து அவ்வளவு மனதார யாரும் சிரித்ததில்லை.

எழுந்திருக்கக் கை கொடுத்தபடியே குஞ்சம்மாள் சொன்னாள். "ஆனா ஒண்ணுங்க. அந்தச் சண்ட முடிஞ்சதும் தம்பி பொண்டாட்டி ஒண்ணும் பேசாம கொண்டைய முடிஞ்சுகிட்டு அடுப்படிக்குப் போறா பாருங்க, அது நெசம். எங்க அக்கா அப்படித்தான் போவும். எனக்கு அழுவாச்சி வந்துருச்சு."

வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது என்று சொல்லலாம். அதிலும் ஒரு சிக்கல். அந்த இடத்தில் தம்பி மனைவியாக நடித்த அம்மா கதறி அழ வேண்டும் என்றுதான் நான் சொல்லியிருந்தேன். படம் பிடிக்கும்போது கொண்டை அவிழ்ந்துவிட்டது. அவர் வசனத்தை மறந்து, கொண்டையை முடிந்துகொண்டு எழுந்து போய்விட்டார். மறுபடி எடுக்க ஃபிலிம் இல்லாததால் அப்படியே விட்டேன். இதைக் குஞ்சம்மாளிடம் சொல்லவில்லை. அடக்கமாகத் தலையை ஆட்டி வைத்தேன்.

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் பெரம்பலூர் வந்த திருச்சிப் பத்திரிகைக்காரர் ஒருவர் கண்ணையன் கொட்டகையில் படம் பார்த்தார். "வறண்ட வானில் பறக்கும் அந்த அன்னம் உழவனின் கனவுக்கு என்ன அருமையான அடையாளம்!" என்று ஒரு பக்கம் எழுதிவிட்டார். சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. நான் ஒருவருக்கும் மறுத்து எழுதவில்லை. இரண்டு பேருக்கு, அந்த யோசனை எனக்கு எப்படித் தோன்றியது என்றுகூட விளக்கி எழுதினேன்.

முதலாளிகள் தேடி வந்தார்கள். ஜனங்கள் கேட்பதைக் கொடுத்துவிடுவது என்று நானும் முடிவு செய்தேன். 1947இல் 'ஏழு அன்னங்கள்' எடுத்தேன். ஏழுக்கும் நானே ஏழு விதமாகப் பேசினேன். படம் முதல் வாரமே படுத்தது. ஜனங்களுக்கு இப்போது கத்திச்சண்டை வேண்டுமாம். வாலிகண்டபுரத்துக் கார்டு மட்டும் தவறாமல் வந்தது: "ஐயா, அன்னத்தை விட்டால் உங்களுக்கு வேறு ஒன்றுமே தெரியாதா? 'முறைத்தண்ணி' மாதிரி ஒரு படம் எடுக்கக் கூடாதா? இப்படிக்கு, மனம் நொந்த உத்திராபதி."

அதோடு அரியலூருக்கே வந்துவிட்டேன். அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்தேன். கண்ணையன் இங்கே இன்னொரு கொட்டகை போட்டார். எந்தப் படம் வரவழைப்பது என்று பார்த்துச் சொல்வதும் நோட்டீஸ் எழுதுவதும் என் வேலை. எனக்கு இந்த வேலை நன்றாக வந்தது. அன்றிலிருந்து உடம்புக்கு ஒன்றுமில்லை.

சென்ற மாசியில் சென்னையிலிருந்து ஓர் இளம் டைரக்டர் தம் படத்தோடு வந்திருந்தார். படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஸ்டேஷன் எதிரே கிளப்புக் கடையில் உட்கார்ந்து காப்பி குடித்தோம். ஜனங்களுக்கு ரசனை கிடையாது, பத்திரிகைக்காரர்களுக்கு மூளை கிடையாது, எதைச் செய்தாலும் குறை சொல்கிறார்கள் என்று முக்கால் மணி நேரம் குமுறினார். எனக்கு அவர்மேல் மிகுந்த இரக்கம் உண்டாயிற்று. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லத்தான் நினைத்தேன்.

"எல்லாம் சரி தம்பி, ஆனா அந்த மூணாவது ரீல் இருக்குதே, அது ரொம்ப நீளம்" என்றேன்.

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பாவம். ஆனாலும் அந்த மூணாவது ரீல் நீளம்தான்.