பெயரில் நின்ற பிள்ளை

பேய், பிசாசு, செய்வினை எதையும் நான் நம்பியவன் இல்லை. அகரம் பக்கம் சம்பங்கி போட்டிருக்கிறேன், ஐந்தாம் வகுப்போடு சரி, நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிற ஆள். நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

என் மகள் பாண்டீஸ்வரி திண்டுக்கல்லில் கல்லூரி முதல் வருடம். திக்குவாய். மற்ற சொல்லெல்லாம் எப்படியோ வந்துவிடும், சொந்தப் பெயர் மட்டும் வராது.

அவர்கள் வகுப்பில் ஒவ்வொருவரையும் மேடையில் பேசவைத்து, வீடியோ எடுத்து அனுப்புவார்கள். வீட்டில் மூன்று தடவை பார்த்துத் தன் குறையைத் தானே எழுதிக்கொண்டு போக வேண்டும். பெயரிலேயே நின்றுவிட்டேன், எல்லாரும் சிரித்தார்கள் என்று அழுதுகொண்டே வந்தாள். மறுநாள் மத்தியானம் என் போனுக்கு வீடியோ வந்தது. பார்த்தவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இனி கல்லூரிக்குப் போகவே மாட்டேன் என்றாள்.

எடுத்துப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், அதில் திக்கலே இல்லை. கணீரென்று பெயரைச் சொல்கிறாள், ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"நல்லாத்தான பேசியிருக்க, தாயி?"

"அது நான் இல்லப்பா. அந்தப் புள்ள நல்லாப் பேசுது. அப்புறம் நான் எதுக்குப் போகணும்?"

கூச்சத்தை விட்டு அவளுடைய சாருக்குப் போன் போட்டேன். திக்கியது உண்மை, வீடியோ எடுத்ததே நான்தான், திரும்பப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிடவே இல்லை.

பிறகு ஒரு வாரம் இவள் அதையே பார்த்தாள். பூப் பறிக்கும்போதுகூட போன் வரப்பில் ஓடும். அந்தப் பிள்ளை மாதிரி கையை வைத்துக்கொண்டாள், அது மாதிரியே தலையைச் சாய்த்தாள். ஒரு காலையில் செடி நடுவே நின்று தன் பெயரைத் தடங்கலில்லாமல் சொன்னாள். திங்கட்கிழமை கிளம்பிப் போனாள், பேசினாள், கைதட்டு வாங்கி வந்தாள். இன்றுவரை திக்கவில்லை.

அன்று சந்தோஷத்தில் பழைய வீடியோவைத் திறந்தேன். அதில் நிற்கிற பிள்ளைக்குப் பெயர் வரவில்லை. உதடு ஒட்டிக் கிடக்கிறது, கண் என்னையே பார்க்கிறது. முடிகிறவரை அப்படியே நிற்கிறாள்.

யாரிடமும் காட்டவில்லை, அழிக்கவும் மனசு வரவில்லை. "சாப்பிட வாப்பா" என்று உள்ளேயிருந்து தெளிவாகக் கூப்பிடுகிறாள். வாரேன் என்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளை சொல்லி முடிக்கட்டும் என்று, மறுபடி முதலிலிருந்து போடுகிறேன்.