திறப்பைத் தாங்கோ, அத்தான்

வருத்தக்காரரைப் பார்க்கப் போகிறவர்கள் தோடம்பழம் கொண்டு போவார்கள். பிஸ்கட் கொண்டு போவார்கள். நான் போன மாதம் அத்தானிடம் வெறுங்கையோடு போய், அவருடைய மோட்டார் சைக்கிளைக் கேட்டேன்.

திட்டாதீர்கள். முழுக்கதையையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

அவர் என் அக்காவின் கணவர். விடிய முல்லைத்தீவுக் கரையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, ஒட்டுசுட்டான் வரைக்கும் கொண்டுபோய் விற்கிறவர். சில வருடங்களுக்கு முன் பெருங்குடலில் புற்றுநோய் என்று வெட்டினார்கள். பிறகு அது ஈரலுக்கும் பரவிவிட்டது. "ஈரலிலும் ஒரு துண்டு வெட்ட வேணும். பயப்படாதீங்கோ, ஈரல் திரும்ப வளரும்" என்றார் கொழும்பு டொக்டர்.

ஈரலாவது வளர்கிறதாவது... அத்தான் நம்பவில்லை. ஊரும் நம்பவில்லை. பங்குத் தந்தை வந்து நெற்றியில் எண்ணெய் தடவி, நோயில் பூசுதல் கொடுத்தார். வருடக்கணக்காய்க் கதைக்காமல் இருந்த கோபக்காரர்கள்கூட வந்து, கட்டிப்பிடித்து அழுதார்கள். அத்தானும் சளைக்கவில்லை — இருந்த சாமான் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தார். எனக்கு மோட்டார் சைக்கிள்.

"நான் இனித் திரும்பி வரமாட்டன். நீயே வச்சு ஓடு, தம்பி" என்று அதன் திறப்பைக் கைக்குள் பொத்தித் தந்தார். நானும் அழுதேன்.

அது லேசுப்பட்ட சாமானா? எவ்வளவு கழுவியும் மீன் மணம் போகவில்லை. எங்கள் ஊர் உடையார்கட்டில் உள்ள பூனை எல்லாம் என் வாசலுக்குக் குடிவந்துவிட்டன. ஒருநாள் பட்டுவேட்டியோடு ஒட்டுசுட்டானில் ஒரு கலியாண வீட்டுக்குப் போகிறேன். மாடு குறுக்கே வந்ததென்று ஹோர்ன் அடித்துவிட்டேன். அவ்வளவுதான்... வரிசையாய்ப் படலைகள் திறந்தன. ஒரு அம்மா சட்டியோடு ஓடிவந்து, "இண்டைக்கு என்ன மீன், தம்பி?" என்றார்.

இருந்தாலும் ஆசையாய்ப் புது டயர் போட்டேன். போட்ட கிழமையே அத்தான் பஸ்ஸில் வந்து என் வாசலில் இறங்கினார். மெலிந்திருந்தார், ஆனால் நடந்து வந்தார். ஈரல் வளர்ந்துவிட்டதாம். மோட்டார் சைக்கிளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "டயர் நல்லாக் கிடக்கு" என்றார். திறப்பை வாங்கினார், ஏறினார், ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

இந்த வருடம் ஸ்கானில் திரும்பவும் ஈரலில் ஒரு பொட்டு. ஒன்றுதான், அதுவும் வெட்டக்கூடிய இடத்தில். ஏற்கெனவே வெட்டினதால் உள்ளே ஒட்டிப் பிடித்திருக்கும், இந்தமுறை கொஞ்சம் கரைச்சல், ஆனாலும் செய்யலாம் என்றார் டொக்டர். அத்தான் மாட்டேன் என்றுவிட்டார். அக்கா போனில் அழுதார். ஓடிப் போனேன்.

"என்ன அத்தான், பயமோ?"

"பயமில்லை, வெக்கம். போனமுறை எல்லாரும் வந்து அழுது அனுப்பிவிட்டவை. நான் சாகாமல் வந்து நிண்டிட்டன். இப்ப திரும்பவும் போறன் எண்டு எந்த முகத்தோட சொல்லுறது?"

போகிறவரை வழியனுப்புவதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். திரும்பி வந்தவரை என்ன செய்வதென்றுதான் எங்களுக்குத் தெரியாது. பாவம், அவருக்கே தெரியவில்லை!

சிரிப்பு வந்தது. குசினி வாசலில் நின்ற அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. இந்த மனிதர் இல்லாவிட்டால் அக்கா உடைந்து போவார். புத்தி சொன்னால் கேட்கிற ஆளும் இல்லை அவர். கையை நீட்டினேன்.

"சரி, அப்ப திறப்பைத் தாங்கோ, அத்தான்."

"என்னத்துக்கு?"

"ஒப்பரேஷனுக்குப் போகேல்லை எண்டால் உங்களுக்கு இனி என்னத்துக்கு மோட்டார் சைக்கிள்? இப்பவே கொண்டு போறன். மீன் பெட்டியைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, சிவப்புப் பெயின்ற் அடிக்கப் போறன்."

அத்தான் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "பெட்டியைக் கழட்டுவியோ? எங்கை, தொடு பாப்பம்." திறப்பை எடுத்துச் சாரத்து மடிப்புக்குள் செருகினார். கொஞ்ச நேரம் என்னை முறைத்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "கிளினிக் எப்ப எண்டு சொன்னவை?" என்றார்.

இந்தமுறை அவர் யாருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை. யாரையும் அழவிடவுமில்லை. திறப்பைக்கூடக் கையோடு கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்.

ஒப்பரேஷன் முடிந்து, போன கிழமை கொழும்பு ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போனேன். குழாய்களுக்கு நடுவில் கிடந்தவர், என்னைக் கண்டதும் தலையணைக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். திறப்பு இருந்தது. நிம்மதியாய்க் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா பக்கத்தில் இருந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாள்.

பொட்டை முழுதாய் வெட்டி எடுத்துவிட்டார்களாம். ஆனால் இது திரும்பத் திரும்ப வரக்கூடிய வருத்தம், ஸ்கானுக்கு ஒழுங்காய் வரவேண்டும் என்கிறார் டொக்டர்.

வரக்கூடாது. வந்தால்... திறப்புக் கேட்க நான் இருக்கிறேன்.