பிரேக் பிடிக்காத பிரஸ்

ஓசூர் கம்பெனியில் ஐந்து வருடம் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டிய பிறகு என்னை லைன் லீடராகப் போட்டார்கள். அதில் ஒரே தொல்லை, ஷிப்ட் முடிந்ததும் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுத வேண்டும். எங்கள் லைனில் இதற்குச் சுலபமான வழக்கம் ஒன்று இருந்தது. நேற்றைய ஷீட்டை அப்படியே பார்த்து எழுதி, தேதியை மட்டும் மாற்றுவார்கள். ஒரு பிழை இருக்காது.

எனக்கு அது பிடிக்கவில்லை. கண்ணால் பார்த்ததை எழுதினேன். முதல் வாரமே, பெல்ட் லூஸ் என்று எழுதும்போது ஓர் 'ஓ' விட்டுப்போனது. அப்படி எழுதினால் தொலைப்பது என்று அர்த்தமாம்.

"பெல்ட்டத் தொலச்சிட்டியாம்மா? செக்யூரிட்டிகிட்ட சொல்லட்டா?" என்றார் சூப்பர்வைசர். லைனே தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று மொழியிலும் சிரித்தது.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு நோட்டு வாங்கினேன். ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களை ஜோடி ஜோடியாக எழுதி, மத்திகிரியிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் தினமும் படித்தேன். பாதி நின்றது, பாதி நிற்கவில்லை. ஆனாலும் பார்த்து எழுதுவதில்லை என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

ஒருநாள் ஷிப்ட் முடியும் நேரம், மூன்றாம் பிரஸ்ஸில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு அவசரமாக ரிப்போர்ட் எழுதிவிட்டுப் போனேன். மறுநாள் காலை மீட்டிங்கில் சூப்பர்வைசர் அதைப் படித்தார்.

"மெஷினுக்கு டீ பிரேக் வேணுமாம்ப்பா!"

மெஷினை நிறுத்தும் பிரேக்குக்கு, இடைவேளைக்கான பிரேக்கின் ஸ்பெல்லிங்கை எழுதியிருந்தேன். மறுபடியும் சிரிப்பு. எனக்குப் பின் வந்த ஷிப்டின் ஷீட்டையும் பார்த்தேன். எல்லாம் ஓகே என்று பழைய ஷீட்டைப் பார்த்து எழுதியிருந்தார்கள், பிழையே இல்லாமல். அந்த பிரஸ்ஸை ராத்திரி முழுக்க ஓட்டியும் இருக்கிறார்கள்.

நேராகப் போய் மூன்றாம் பிரஸ் முன்னால் நின்றுகொண்டேன்.

"ஸ்பெல்லிங் தப்புதான் சார். பிரேக் பிடிக்காதது நெசம். நீங்க வந்து பாக்குற வரைக்கும் யாரையும் இதுல உக்கார விடமாட்டேன். வெரல் போனா ஸ்பெல்லிங் பாத்து ஒட்டுவீங்களா?"

முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பிரஸ்ஸுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து பெடலை மிதித்து, காலை எடுத்தார். ஒருமுறை இறங்கி நிற்க வேண்டிய பிரஸ் நிற்கவில்லை. இன்னொரு முறை இறங்கிக் கட்டையை நசுக்கியது.

தினமும் அந்த பிரஸ்ஸில் உட்காரும் பெண் தன் விரல்களை மற்றொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்று முன்பு எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் அவள்தான்.