கடிதத்தின் அடியில் வீட்டு விலாசம்

மன்னாரில் ஒரு சிறிய அலுவலகம். காணாமற்போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார் சொல்வதை அங்கே பதிவு செய்கிறார்கள். பதிந்ததை யாராவது திருடிப் படித்துவிடுவார்களோ என்ற பயத்தில் பல தாய்மார் வாய் திறப்பதில்லை. அவர்களுக்காக என் மனைவி, லண்டன் நோர்பரியில் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி ஒரு குறியாக்க மென்பொருள் எழுதினாள். உரியவர் தவிர வேறு எவர் திறந்தாலும் வெறும் கிறுக்கல்தான் தெரியும்.

அதை வெளிநாட்டுக்கு அனுப்ப இங்கே அரசாங்க அனுமதி வேண்டுமாம், ஏதோ ஆயுதம் ஏற்றுமதி செய்வதுபோல. விண்ணப்பித்தாள். முடியாது என்று பதில் வந்தது.

நான் பெற்றோல் ஷெட்டில் வேலை செய்பவன். கம்ப்யூட்டர் தெரியாது, தடை தெரியும். யுத்த காலத்தில் பற்றரிக்கும் சவர்க்காரத்துக்கும் தடை இருந்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு மூளை ஒரே பக்கம்தான் ஓடும்.

"பென் டிரைவில போட்டுத் தாரும். அடுத்த மாசம் மச்சான் ஊருக்குப் போறான். மிளகாய்த்தூளுக்குள்ள வைச்சு விடுவம்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "லண்டனில இருந்து ஊருக்கு ஆராவது மிளகாய்த்தூள் கொண்டு போவினமோ?" பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "நான் என்ன களவெடுத்தனானே, ஒளிச்சு அனுப்ப? அவை பிழை விட்டிருக்கினம். பிழை எண்டு எழுதப்போறன்."

எழுதினாள். நீங்கள் காட்டிய விதி இந்த மென்பொருளுக்குப் பொருந்தாது என்று நாலு பக்கம். அடியில் தன் பெயரும் எங்கள் வீட்டு விலாசமும். நான் விலாசத்தின்மேல் விரலை வைத்தேன்.

"விலாசத்தை எண்டாலும் விடுமன்."

"விலாசம் இல்லாட்டி பதில் எங்கயப்பா வரும்?"

அன்றிலிருந்து, யாராவது மறித்தால் காட்டவென்று பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். அதுவும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்! கதவில் கடிதம் விழும் சத்தம் கேட்டாலே பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை காலை பதில் வந்தது. அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள், என்னையே பிரிக்கச் சொன்னாள். உங்கள் வாதம் சரி, எங்கள் முடிவை மாற்றிக்கொள்கிறோம், சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று இருந்தது. கூடவே அனுமதிப் பத்திரம். மூன்று தரம் வாசித்தேன். அரசாங்கங்களுக்கு முன்னால் கையை உயர்த்தி நின்றே பழகியவன் நான். ஓர் அரசாங்கத்தை மன்னிப்புக் கேட்க வைத்தவள் அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். மலைத்துப்போய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பாக்கிறியள்? தோசை ஆறுது."

சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துவிட்டு, ஒரு விசையைத் தட்டினாள். மென்பொருள் மன்னாருக்குப் போய்விட்டது.

அடுத்த கிழமை அங்கிருந்து செய்தி வந்தது. ஒரு தாய் பேசத் தொடங்கிவிட்டாராம். முதலில் மகனுடைய முழுப் பெயர், அதன்பின் தன் வீட்டு விலாசம்.

பாஸ்போர்ட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன்.