நோட்டக்கா போட்ட நாற்பத்தொரு கோடு

சம்பளப் பட்டியலில் அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனிலிருந்து தலைமையாசிரியை வரை எல்லோருக்கும் அவள் நோட்டக்காதான். பதினோரு வருடமாக உதவியாளர் வேலை. அடங்காத பிள்ளை என்று எந்தப் பிள்ளைக்குப் பெயர் விழுகிறதோ, அதன் பக்கத்தில் குட்டி நாற்காலியைப் போட்டு, முழங்கால் மோவாயில் இடிக்காத குறையாக உட்கார்ந்துகொள்வாள். காதில் பென்சில், மடியில் நோட்டு. ஒன்று விடாமல் எழுதுவாள்.

"உன் நோட்டைப் பாத்தா போலீஸ்காரனே வேலையை எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவான்," என்பார் ஏசி ரிப்பேர் பார்க்கும் அவள் கணவர். "நான் குறட்டை விட்டதையும் எழுதி வெச்சிருக்கியா?"

"அதுக்கு இந்த நோட்டு பத்தாது."

அந்த வருடம் அவளுக்கு வாய்த்தது மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி. பம்பரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். சத்தம் கூடினால் நின்ற இடத்திலேயே சுற்றுவாள். அப்போது யாராவது தொட்டால் கடித்துவிடுவாள். நோட்டக்காவின் முன்கையில் இரண்டு பல்வரிசை ஆறாமலே கிடந்தது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓர் ஆலோசகர் வருவார். மீசை சரியாக அரும்பாத வயது. அவர்தான் அவளுக்கு அந்தச் சொற்களையெல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

"கடிச்சாள்னு மட்டும் எழுதாதீங்கக்கா. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அதுக்கப்புறம் என்ன நடந்துச்சு, ரெண்டையும் சேர்த்து எழுதுங்க. முன்னாடி நடந்தது தூண்டல். அப்புறம் நடந்தது விளைவு."

"விளைவு என்ன சார், திட்டு வாங்குவா. வெளியே போய் நில்லுன்னு டீச்சர் அனுப்புவாங்க."

"அவளுக்கு வேண்டியதே வெளியே போறதுதானே. கடிச்சா கதவு திறக்கும்னு நாமளே கத்துக் கொடுத்திருக்கோம்."

நோட்டக்காவுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படிக் கதவு திறந்துவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த சொல் மாற்று நடத்தை. கடிப்பதற்குப் பதிலாகச் செய்ய ஒரு காரியம். பம்பரத்தின் சட்டைப் பையில் ஒரு மஞ்சள் அட்டை. வெளியே போகணும் போலிருந்தால் அதைக் காட்ட வேண்டும். ஐந்து எண்ணுவதற்குள் பெரியவர்கள் தலையாட்டிவிட வேண்டும். வராந்தா பெஞ்சில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்துவிடலாம். "தலையாட்ட மட்டும் மறந்துடாதீங்க. ஒரு தடவை ஏமாந்தாலும் அட்டையை நம்ப மாட்டா," என்றார் ஆலோசகர்.

முதல் மூன்று வாரம் பம்பரம் அட்டையின் மூலையைத்தான் மென்று தின்றாள். நான்காவது வாரம் ஒருநாள், யாரோ மேஜையை கர்ரென்று இழுத்தபோது, பம்பரத்தின் கை சட்டைப் பைக்குள் போனது. அட்டை வெளியே வந்தது. நோட்டக்கா தலையாட்டினாள். குழந்தை எழுந்து போனது, உட்கார்ந்தது, திரும்பி வந்தது. அன்று நோட்டக்கா குழாயடிக்குப் போய் இரண்டு தடவை முகம் கழுவினாள்.

மாதம் முடிந்தால் கல்வி அலுவலகத்துக்கு ஒரு படிவம் போக வேண்டும். அதில் ஐந்தே கட்டம். அடித்தல், கடித்தல், எறிதல், கத்துதல், வகுப்பை விட்டு வெளியேறுதல். அட்டை காட்டியதற்குக் கட்டம் இல்லை.

"இதை எங்க மேடம் போடறது?" என்று தலைமையாசிரியையிடம் கேட்டாள்.

"வெளியேதானே போறா? அஞ்சாவதுல போட்டுடு. எழுதாம விட்டா அதுக்கு வேற கேள்வி வரும்."

அப்படியே போட்டாள். தடவைக்கு ஒன்றாக நாற்பத்தொரு கோடு. முதல் நான்கு கட்டத்திலும் சுழி. சுழிகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே அடிக்கோடு வேறு போட்டாள்.

படிவத்தை வைத்துப் பேசக் கூட்டம் கூடியபோது ஆலோசகரின் நாற்காலி காலி. வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். அவர் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. அலுவலகத்திலிருந்து வந்தவர் தாளில் விரலை ஓட்டினார்.

"போன மாசம் மொத்தம் ஒம்பது. இந்த மாசம் நாப்பத்தொண்ணு. நாப்பதைத் தாண்டினா தனிப் பிரிவுப் பள்ளிதான்."

"அது அட்டை சார். சொல்லிட்டுப் போனது. கடி ஒண்ணுகூட இல்ல, பாருங்க, அடிக்கோடு போட்டிருக்கேன்."

"மொத்தத்தைத்தாம்மா பார்ப்பாங்க."

"திருத்தி எழுதித் தரட்டுமா?"

"கையெழுத்துப் போட்ட தாளைத் திருத்தினா அதுக்கு வேற பேரு. வேலை வேணும்ல?"

நோட்டக்கா தலைமையாசிரியையைப் பார்த்தாள். தலைமையாசிரியை பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

நாற்பத்தொன்றாவது கோடு எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மாதத்தின் கடைசி நாள். வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. நோட்டக்கா தலையாட்டுகிறாளா என்று பார்க்கவே பம்பரம் அட்டையைக் காட்டினாள். ஆட்டியதும் கிளுகிளுவென்று சிரித்துக்கொண்டு வாசல்வரை ஓடித் திரும்பினாள். அது விளையாட்டு. எழுதாமல் விட்டிருக்கலாம்.

பம்பரத்தின் அம்மாவுக்கு ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போடும் வேலை. மறுநாள் கேட்டில் காத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எழுதினதாலதான் அனுப்பறாங்கன்னு சொல்றாங்க. நெஜமாக்கா?"

"நெஜந்தான்."

"நல்லதுக்குத்தானே எழுதியிருப்பீங்க," என்றாள் அம்மா. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நோட்டக்கா நிமிர்ந்து நின்றிருப்பாள்.

"அந்தப் பள்ளிக்கூட வேன் ஆறு மணிக்கே வந்துடுமாம். அஞ்சரைக்கு நான் வேலையில இருக்கணும். யாரு ஏத்தி விடுவா?"

"நான் ஏத்தி விடறேன்."

முதல் நாள் காலை நோட்டக்கா குழந்தையைக் கைப்பிடித்துத் தெருமுனைக்குக் கூட்டிப் போனாள். வேனில் ஏற்கெனவே ஏழெட்டுப் பிள்ளைகள். ஒருவன் தலையைக் கம்பியில் முட்டிக்கொண்டிருந்தான். ஒருத்தி விடாமல் அழுதுகொண்டிருந்தாள். வேனில் வரும் அம்மாள் பம்பரத்தை ஜன்னலோரம் உட்கார வைத்து பெல்ட் மாட்டினாள். கதவு மூடியது. டிரைவர் ஹாரன் அடித்தான்.

பம்பரம் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்தாள். ஓரமெல்லாம் மென்று நைந்த அட்டை. கண் நோட்டக்காவின் மேலேயே இருந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

இரண்டு மாதப் பழக்கம். நோட்டக்காவின் தலை தானாக ஆடிவிட்டது.

குழந்தை நிம்மதியாக பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து கதவுப் பக்கம் நடந்தது. வேன் அம்மாளுக்கு என்ன தெரியும், பாவம். எட்டித் தோளைப் பிடித்து அழுத்தினாள். அடுத்த நொடி கையை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

"நான்தான் தலையாட்டினேன், அவ கேட்டுட்டுத்தான் எழுந்தா," என்று நோட்டக்கா கண்ணாடியைத் தட்டித் தட்டிச் சொன்னாள். உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. வேன் கிளம்பியது.

திருப்பத்தில் அது வேகம் குறைந்தபோது, அந்த அம்மாள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே பையிலிருந்து ஒரு தாளை எடுப்பது தெரிந்தது. கடித்தல் இரண்டாவது கட்டம். அது நோட்டக்காவுக்குப் பார்க்காமலே தெரியும்.