மூன்றாம் தண்ணீருக்குப் பிறகு

நான் ஹோமியோபதி டாக்டர். ஐந்தரை வருடம் கல்லூரியில் படித்தேன். உடற்கூறு வகுப்பில் பிணம் அறுத்தேன், பிரசவ வார்டில் நின்றேன், பரீட்சை எழுதினேன், கவுன்சிலில் பதிவு செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சந்தேகப்படாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

கருவடிக்குப்பத்தில், கோழிக்கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவில் என் கிளினிக். போர்டில் பெயருக்குக் கீழே பதிவு எண் இருக்கிறது. அதைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னது நான்தான். சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் கேட்பார்கள், ஊசி போடுவியா என்று. போட மாட்டேன். ஆபரேஷன்? கிடையாது. "அப்ப நீ இன்னாத்துக்குடி டாக்டரு?" என்று ஒரு மாமி பிரியாணியைப் பிசைந்துகொண்டே கேட்டாள். பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். எரிச்சல் வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லை.

இன்னொரு பக்கம், ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டுப் பையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறவனும் தன்னை ஹோமியோபதி டாக்டர் என்கிறான். அவனுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அந்த எண்தான். அந்த எண் இருந்தால் நான் நோயாளிக்கு மருத்துவச் சான்றிதழ் எழுதலாம். அது சட்டத்தில் இருக்கிறது. பொய்ச் சான்றிதழ் எழுதினால் என் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடலாம். அதுவும் சட்டத்தில்தான் இருக்கிறது.

எங்கள் தெருவில் கீரை விற்க ஒரு அம்மா வருவாள். சேதராப்பட்டுப் பக்கத்து கிராமம். கொஞ்சம் நிலம் உண்டு. காலையில் பஸ்ஸில் கூடையோடு வந்து இறங்குவாள். விற்று முடித்ததும் என் கிளினிக் படியில் உட்கார்ந்து காலை நீவிக்கொள்வாள். மூட்டு வலிக்கு என்னிடம்தான் மருந்து. வயதில் மூத்தவள், என்னை நீ என்றுதான் பேசுவாள். அவளுடைய ஒரே மகன் சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தான். மூன்று வருடமாகக் கான்ட்ராக்ட். நிரந்தரம் செய்யும் ஆட்களின் பட்டியலில் இந்த முறை அவன் பெயர் இருப்பதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். இதை அவள் படியில் உட்கார்ந்து என்னிடம் எத்தனை தடவை சொன்னாள் என்று கணக்கில்லை.

வெயில் தொடங்கும்போது அவள் வருவது நின்றது. கோழிக்கடைக்காரர்தான் சொன்னார், அவங்க வீட்ல ஆத்தா வந்திருக்கா என்று. மகனுக்கு அம்மை போட்டிருந்தது.

அம்மை போட்ட வீட்டுக்கு டாக்டர் போக முடியாது. போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, ஆனால் கூப்பிட மாட்டார்கள். வாசலில் வேப்பிலை, வீட்டில் தாளிப்பு கிடையாது, வெளியாள் கிடையாது, மருந்து கிடையாது. வயது வந்த ஆளுக்கு அம்மை போட்டால் நுரையீரல் வரை போகலாம், மூச்சு வாங்கினால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று கோழிக்கடைக்காரரிடம் சொல்லியனுப்பினேன். பதில் வரவில்லை. மகன் சூப்பர்வைசரின் செல்போனில் கூப்பிட்டுக் கம்பெனிக்குத் தகவல் சொல்லியிருந்தான். அவர், ஒட்டிக்கும், முழுசா ஆறுற வரைக்கும் கேட் பக்கமே வராதே என்றிருக்கிறார். ஆக, சூப்பர்வைசருக்குத் தெரியும், கோழிக்கடைக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் தலைக்கு ஊற்றிய மறுநாள் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முகம், கழுத்து, கை எங்கும் பொருக்கு உதிர்ந்த புள்ளிகள். ஆள் பாதியாகியிருந்தான். கம்பெனியில் சர்டிபிகேட் கேட்டார்களாம். சர்டிபிகேட் இல்லாவிட்டால் அத்தனை நாளும் சொல்லாமல் போட்ட லீவு என்றுதான் கணக்கு. அப்படி லீவு போட்டவன் பெயர் பட்டியலில் இருக்காது.

பரிசோதித்தேன். அம்மை வந்து ஆறியிருக்கிறது, சந்தேகமே இல்லை. எழுத உட்கார்ந்தேன்.

"மொத நாள்லேர்ந்து நீதான் பாத்தேன்னு போட்ருமா" என்றாள் அம்மா.

பார்க்கவில்லையே என்றேன். பார்க்கவில்லை என்று எனக்கும் உனக்கும்தானே தெரியும் என்றாள். நான் நடந்ததைத்தான் எழுதினேன். இன்று முதல்முறையாகப் பரிசோதித்தேன், சின்னம்மைப் புண்கள் ஆறிய தழும்புகள் இருக்கின்றன, நோய் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு முன் தொடங்கியிருக்கலாம், அந்த நாட்களில் நான் இவரைப் பரிசோதிக்கவில்லை, இனி வேலைக்குப் போகலாம். கையெழுத்து, முத்திரை, பதிவு எண். ஒரு டாக்டர் நேர்மையாக இவ்வளவுதான் எழுத முடியும். இது போதும் என்றும் நினைத்தேன்.

மறுநாள் அவன் போன் செய்தான். ஆபீசில் தாளைப் பிரித்து, மேலே ஹோமியோபதி என்று இருப்பதைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். எம்.பி.பி.எஸ். டாக்டரிடம் வாங்கி வரச் சொன்னார்களாம்.

எனக்கு வந்த கோபத்தில் மத்தியானம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். சட்டத்தின் நகல், என் பதிவுச் சான்று, எல்லாம் பையில். அம்மா அப்போது படியில்தான் இருந்தாள். வேணாம்மா, இன்னொருத்தர்கிட்ட வாங்கிக்கிறோம், வெயில்ல எதுக்கு அலையிற என்றாள். நான் கேட்கவில்லை.

கம்பெனி ஆபீசில் ஏசி. எச்.ஆர். அதிகாரிக்கு முப்பது வயது இருக்கும். மரியாதையான ஆள். தண்ணீர் கொடுத்தார். அம்மாவின் மகனும் வேலை உடுப்போடு வந்து சுவரோரம் நின்றான்.

எங்கள் விதியில் எம்.பி.பி.எஸ். என்று இருக்கிறது என்றார். காட்டுங்கள் என்றேன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பதிவு பெற்ற மருத்துவர் என்றுதான் இருந்தது.

"இதுல எம்.பி.பி.எஸ். எங்க சார் இருக்கு?"

"நாங்க அப்படித்தான் மேடம் எடுத்துப்போம்."

நீங்கள் எடுத்துக்கொள்வதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை என்று சட்டத்தைப் பிரித்து வைத்தேன். விரலை வைத்து வரிவரியாகப் படிக்கச் சொன்னேன். படித்தார். சென்னை ஆபீசுக்குப் பேசினார், நகலைப் படமெடுத்து அனுப்பினார். அரை மணி நேரம் போல உட்கார்ந்திருந்தோம். போன் வந்தது. கேட்டுவிட்டு, சரி மேடம், உங்க சர்டிபிகேட்டை ஏத்துக்கச் சொல்லிட்டாங்க என்றார். ஃபைலில் போட முத்திரை குத்தினார். நான் சுவரோரம் திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் சிரித்தான்.

அதற்குப் பிறகுதான் அவர் நான் எழுதியிருந்ததைப் படித்தார்.

"மேடம், லீவு போட்ட நாள்ல நான் இவரைப் பரிசோதிக்கலன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே."

ஆமாம், அம்மை வீட்டுக்கு யார் டாக்டரைக் கூப்பிடுவார்கள், உங்கள் வீட்டில் கூப்பிடுவார்களா என்று கேட்டேன். கூப்பிட மாட்டார்கள் என்று ஒத்துக்கொண்டார். அப்புறம் என்ன, இவன் முகத்தைப் பாருங்கள் என்றேன்.

"பாக்குறேன் மேடம். முகத்தை ஃபைல்ல வைக்க முடியாதே. தொடங்கியிருக்கலாம்னு போட்டிருக்கீங்க. அன்னிலேர்ந்து நான்தான் வைத்தியம் பாத்தேன்னு போட்டுக் குடுங்க, இப்பவே முடிச்சிடலாம்."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். பேனாவையும் வைத்தார். அந்த ஆள் என்னைச் சிக்க வைக்கவில்லை. உதவி என்று நினைத்துத்தான் செய்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அரை மணிக்கு முன்னால் என் கையெழுத்து செல்லாது என்றவர், இப்போது அதை வைத்துப் பொய் எழுதச் சொல்கிறார்.

"ஒரு வரிதான மேடம்" என்றான் அவன்.

முடியாது என்றேன். பதிவு போய்விடும் என்ற பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருந்தது. ஆனால் கடைசி வரை எவனுக்கும் தெரியாமல் போகும் என்று யாராவது எழுதிக் கொடுத்திருந்தாலும் நான் எழுதியிருக்க மாட்டேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதவா ஐந்தரை வருடம் படித்தேன்? இதை நான் அங்கே சொல்லவில்லை. தாளைத் திருப்பித் தள்ளிவிட்டு எழுந்தேன். வேலை நேரம் என்று அவன் உள்ளே போய்விட்டான்.

பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. கூட வேலை பார்க்கிற ஒருவன் காய்ச்சல் என்று சொல்லிப் பத்து நாள் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தான். அவன் பெயர் வந்தது. அவனுடைய சர்டிபிகேட் எம்.பி.பி.எஸ். எழுதியது. இவனும் அதே டாக்டரிடம் அப்படி ஒன்று வாங்கிக்கொண்டு போனான். என் சான்றிதழ் ஏற்கனவே ஃபைலில் ஏறிவிட்டது, அதில் எந்த டாக்டரும் வைத்தியம் பார்த்ததாக இல்லை, இப்போது புதிதாக ஒரு டாக்டர் எங்கிருந்து வந்தார் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அம்மா கொஞ்ச நாள் கழித்து மூட்டு வலிக்கு வந்தாள். வராமல் இருந்துவிடுவாள் என்று நினைத்திருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து புடவையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு சொன்னாள்.

"உன் பேப்பர் செல்லும்னு காட்றதுக்குத்தான வெயில்ல போன. செல்லிடுச்சி, போ."

நான் முழங்காலை அழுத்திப் பார்த்தேன். வீக்கம் குறைந்திருந்தது. கம்பெனிமீது புகார் கொடுக்கலாம், தொழிலாளர் ஆபீசில் எழுதிக் கொடுக்கலாம், நானும் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன்.

"நீ ஒண்ணியும் சொல்ல வேணாம் தாயி. நீ நெசத்ததான் சொல்லுவ. அவன் இருக்குற வேலயயாவது பாக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. கீரை விலை சொல்வதுபோலச் சொன்னாள். மருந்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, எத்தனை வேளை என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் இன்னும் என்னிடம்தான் வருகிறாள். மகன் வருவதில்லை. சளி, இருமல் எதுவானாலும் அந்த எம்.பி.பி.எஸ்.ஸிடம்தான் போகிறானாம். அவர் நல்ல டாக்டர் என்று சொல்கிறானாம், கேட்டதை எழுதித் தருகிறார் என்று.